க்ராய்ட்சருக்கு முன்னால் ஒரு பெயர்

எங்கள் மாஸ்டர் வீட்டு மாடியில் நொட்டேஷன் புத்தகங்கள் ஒரு தகரப் பெட்டிக்குள் இருக்கும். பூச்சிக்குப் பயந்து காய்ந்த வேப்பிலை போட்டு வைத்திருப்பார். அதில் அதிகம் கிழிந்த புத்தகம் க்ராய்ட்சர். அட்டை போய், முதல் சில பக்கங்கள் போய், மிச்சத்தைத் தையல் நூலால் கட்டியிருந்தார். மேல்நாட்டு முறையில் வயலின் படித்த யாரிடமாவது இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், இடது கை விரல்கள் தானாக அசையும். ரொடோல்ஃப் க்ராய்ட்சர், பிரெஞ்சுக்காரர், வயலினுக்கு 42 பயிற்சிகள் எழுதியவர். இரண்டாம் நம்பர் பயிற்சி ஸி மேஜரில் மூச்சுவிடாமல் ஓடும் செமிக்குவேவர்கள், அதாவது வேகமான பொடி ஸ்வரங்கள். அதை மட்டும் நான் எட்டு மாதம் தேய்த்தேன். கீழ்வீட்டு அம்மா ஒருநாள் மேலே வந்து, "தம்பி, வேற பாட்டே கிடையாதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மாஸ்டருக்குச் சொந்த ஊர் நாசரேத். கோயில் பாடகர் குழுவில் சோல்பா (டோ-ரே-மி ஸ்வர முறை) படித்து, அங்கிருந்து வயலினுக்கு வந்து, கோடம்பாக்கம் ஸ்டூடியோக்களில் இருபத்தைந்து வருடம் வாசித்தவர். நீங்கள் முணுமுணுக்கும் எத்தனையோ பாட்டுகளின் இடையிசையில் அவர் வில் இருக்கிறது. எந்த கேசட் உறையிலும் அவர் பெயர் கிடையாது. அதைப் பற்றிக் கேட்டால், "பேரு எதுக்குலே? வாசிச்சியா, காசு வாங்குனியா, வீட்டுக்குப் போனியா" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் அந்தப் பேச்சு வந்த நாட்களில் வகுப்பு சீக்கிரம் முடிந்துவிடும்.

ஒருநாள் அவர் ஒரு கேசட் போட்டார். வயலின் மட்டும் தனியாக, நான்கு கம்பிகளையும் இழுத்துக்கொண்டு ஒரு பெரிய ஏ மேஜர் கார்டோடு, பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்க, ஆரம்பிக்கிறது. நான்கு பார் (தாளக் கட்டம்) வரை பியானோ வாயே திறக்கவில்லை. பிறகு பியானோ அதே சங்கதியை வாங்கி, சட்டென்று மைனருக்குள் இறக்கிவிடுகிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "இது என்ன மாஸ்டர்?" என்றேன். "க்ராய்ட்சர் சொனாட்டா." "அந்தப் பயிற்சி எழுதின க்ராய்ட்சரா?" "எழுதினது பீத்தோவன்லே. க்ராய்ட்சருக்காக எழுதினது."

அவர் சொன்னதில் தப்பில்லை. உலகம் முழுக்க அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. இருபது வருடம் நானும் அப்படியே நம்பினேன். அப்புறம் வேலைக்காக சிகாகோ வந்து, ஒரு கச்சேரி இடைவேளையில் நிகழ்ச்சிக் குறிப்பைப் புரட்டியபோதுதான் தெரிந்தது: அந்த முதல் கார்டு எழுதப்பட்டது வேறொருவர் விரலுக்கு.

ஜார்ஜ் பிரிட்ஜ்டவர். போலந்தின் பியாவா என்ற ஊரில் 1778 வாக்கில் பிறந்தவர். அப்பா கறுப்பினத்தவர், பார்படோஸ் தீவிலிருந்து வந்தவர் என்று சொல்லப்படுகிறது. இசையமைப்பாளர் ஹைடன் வேலை பார்த்த எஸ்தெர்ஹாஸி பிரபுவின் மாளிகையில் அவரும் பணியாளராக இருந்தார். அம்மா ஐரோப்பியர். பையனுக்குப் பத்து வயதிருக்கும்போது, 1789 ஏப்ரலில், பாரிஸில் மேடையேற்றினார்கள். புரட்சி வெடிக்க மூன்று மாதம்தான் இருந்தது. அங்கிருந்து லண்டன். அப்பா துருக்கி உடை போட்டுக்கொண்டு, தன்னை ஆப்பிரிக்க இளவரசன் என்று சொல்லிக்கொண்டு, டிக்கெட் விற்றார். விளம்பரத் தந்திரம் தெரிந்த மனிதர். பையனை வைத்து அப்பா காசு பார்த்தது போதும் என்று, பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னராகப் போகிற வேல்ஸ் இளவரசர் அவனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு படிக்கவைத்தார்.

1803இல் பிரிட்ஜ்டவர் வியன்னாவுக்கு வருகிறார். பீத்தோவனோடு ஒட்டிக்கொள்கிறது. அவரை ஒரு பிரபுவுக்கு அறிமுகப்படுத்தி எழுதிய கடிதத்தில், தன் வாத்தியத்தை முழுக்கக் கைக்குள் வைத்திருக்கும் வித்வான் என்கிறார் பீத்தோவன். அவர் வாயிலிருந்து பாராட்டு அவ்வளவு சுலபத்தில் வராது. பிரிட்ஜ்டவருக்காக ஒரு சொனாட்டா எழுதத் தொடங்குகிறார். கடைசிப் பகுதி தயாராக இருந்தது. வேறொரு சொனாட்டாவுக்கென்று எழுதி, அதற்கு மினுமினுப்பு ஜாஸ்தி என்று எடுத்துவைத்திருந்தது. முதல் இரண்டு பகுதிகளைத்தான் புதிதாக எழுத வேண்டும். வழக்கம்போல் கடைசி நிமிடம் வரை இழுத்தது.

1803 மே 24, அவுகார்டன் பூங்கா மண்டபம், காலை எட்டு மணிக் கச்சேரி. அன்று விடியற்காலை நாலரை மணிக்கு சீடர் ரீஸைக் கூப்பிட்டு அனுப்பி, முதல் பகுதியின் வயலின் பாகத்தை உடனே படியெடுக்கச் சொல்கிறார் பீத்தோவன். அவருடைய பியானோ பாகம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் எழுதியிருந்தது. இரண்டாம் பகுதியைப் படியெடுக்க நேரமே இல்லை. பீத்தோவனின் கோழிக்கிறுக்கல் கையெழுத்தைப் பார்த்தே பிரிட்ஜ்டவர் மேடையில் வாசித்தார். பீத்தோவனின் கையெழுத்துப் பிரதிகளைப் படத்திலாவது பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். எனக்கு அச்சடித்த தாளிலேயே அந்தப் பகுதி தடுமாறுகிறது.

இதைவிட ருசியான சங்கதி முதல் பகுதியில் நடந்தது. பியானோ ஓரிடத்தில் தனியாக மேலே ஏறி இறங்கி ஓடுகிறது. அது திரும்ப வரும்போது, தாளில் இல்லாத ஒன்றை பிரிட்ஜ்டவர் செய்தார். அதே ஓட்டத்தை வயலினில் திருப்பிப் போட்டார். நம் கச்சேரியில் பாடகர் விட்ட ஸ்வரத்தை வயலின்காரர் பிடித்துத் திருப்பிக் கொடுப்பாரே, கிட்டத்தட்ட அது. பீத்தோவன் துள்ளி எழுந்து அவரைக் கட்டிக்கொண்டு, "இன்னொரு தடவை, என் அருமைப் பையா!" என்று கத்தினாராம். இதைச் சொன்னவர் பிரிட்ஜ்டவர்தான், தன் பிரதியில் எழுதிவைத்த குறிப்பில். பீத்தோவன் அவருக்கு ஒரு சுருதிக்கவையும் கொடுத்தார். அது இன்றும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

கையெழுத்துப் பிரதியில் பீத்தோவன் இத்தாலிய மொழியில் கிண்டலாக ஒரு வரி எழுதியிருந்தார். முலாட்டோ பிரிஷ்டவருக்காக எழுதிய முலாட்டோ சொனாட்டா, அவர் பெரிய பைத்தியம், முலாட்டோ இசையமைப்பாளர் என்கிற மாதிரி. முலாட்டோ என்றால் கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் பிறந்த பிள்ளை. கோவேறு கழுதையிலிருந்து பிறந்த சொல் என்பார்கள். ஒரே வரியில் மூன்று இடத்தில் அந்தச் சொல். நண்பனைச் சீண்டுவதாகத்தான் நினைத்திருப்பார். நான் பள்ளிக்கூடத்தில் ஆறு வருடம் 'கருப்பு' என்றே கூப்பிடப்பட்டவன். கூப்பிட்டவர்கள் எல்லாம் உயிர் நண்பர்கள், இன்றும் வாட்ஸ்அப் குழுவில் அதே பெயர்தான். ஆகவே பீத்தோவனை ஒரேயடியாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை. ஆனால் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தது நானல்ல என்பதும் எனக்கு மறக்கவில்லை.

1805இல் சிம்ராக் பதிப்பகம் சொனாட்டாவை அச்சிட்டபோது முதல் பக்கத்தில் க்ராய்ட்சர் பெயர் இருந்தது. நடுவில் என்ன ஆனது? இருவருக்கும் ஒரு பெண்ணைப் பற்றிச் சண்டை வந்து, கோபத்தில் பீத்தோவன் பெயரை மாற்றிவிட்டார் என்று பிரிட்ஜ்டவரே வயதான காலத்தில் ஒருவரிடம் சொல்லியிருக்கிறார். எல்லாரும் திருப்பித் திருப்பிச் சொல்வது இந்தக் கதையைத்தான், சுவாரசியமாக இருக்கிறதே. எனக்கு இன்னொரு காரணம்தான் அதிகம் படுகிறது. அந்த நாட்களில் பீத்தோவனுக்கு பாரிஸுக்கே குடிபோகும் யோசனை இருந்தது. க்ராய்ட்சர் பாரிஸின் பெரிய வயலின் வித்வான், செல்வாக்குள்ளவர், வியன்னாவில் 1798இலேயே பழகியவர். பிரிட்ஜ்டவரால் பீத்தோவனுக்கு அங்கே ஆகப்போவது ஒன்றுமில்லை. சண்டை நடந்திருக்கலாம். சண்டை போட்ட நண்பர்கள் எத்தனையோ பேர் பீத்தோவனுக்கு. பெயரை எடுத்துவிட்டால் கேட்க யாருமில்லாத நண்பர் இவர்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால் க்ராய்ட்சர் அந்த சொனாட்டாவை மேடையில் வாசிக்கவே இல்லை. அவருக்குப் பிடிக்கவில்லை, தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை என்று நினைத்தார் என இசையமைப்பாளர் பெர்லியோஸ் எழுதிவைத்திருக்கிறார். ஆனாலும் பெயர் அவருக்குப் போனது போனதுதான். 1889இல் டால்ஸ்டாய் அந்தப் பெயரிலேயே ஒரு குறுநாவல் எழுதி, இசை தெரியாதவர்களிடமும் கொண்டுசேர்த்துவிட்டார்.

பிரிட்ஜ்டவர் ஒன்றும் தெருவில் நிற்கவில்லை. லண்டன் திரும்பினார், 1807இல் இசைக்கலைஞர்களின் ராயல் சங்கத்தில் உறுப்பினரானார், 1811இல் கேம்பிரிட்ஜில் இசைப் பட்டம் வாங்கினார். 1860இல் லண்டன் பெக்கமில் இறந்தார். கௌரவமான வாழ்க்கைதான். ஒரு தாளில் ஒரு பெயர் மட்டும் மாறியிருக்காவிட்டால், நாசரேத்திலிருந்து வந்த ஒரு மாஸ்டர் சாலிகிராமத்து மாடியில் ஒரு பதின்மூன்று வயதுப் பையனிடம் வேறு பெயரைச் சொல்லியிருப்பார். அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பையனுக்கு அது சின்ன வித்தியாசமாக இருந்திருக்காது.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன பருவத்தில் எங்கள் ஆர்கெஸ்ட்ராவில் ஃப்ளோரன்ஸ் பிரைஸின் முதல் சிம்ஃபனி வாசித்தோம். எங்கள் ஆர்கெஸ்ட்ரா என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். பல் டாக்டர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், என்னைப் போல கணினிக்காரர்கள், செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒரு பள்ளிக்கூட அரங்கில் கூடுவோம். நான் இரண்டாம் வயலின், கடைசிக்கு முந்தைய மேசை.

பிரைஸ் 1887 ஏப்ரல் 9 அன்று ஆர்கன்ஸா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் பிறந்தவர். அப்பா பல் மருத்துவர், அம்மா இசை தெரிந்தவர். வசதியான கறுப்பினக் குடும்பம். பதினாறு வயதில் பாஸ்டனின் நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரியில் சேர்த்தார்கள். சேரும்போது சொந்த ஊர் என்று எழுதியது லிட்டில் ராக் அல்ல, மெக்சிகோவின் புவெப்லா. அம்மாவின் யோசனை. நிறம் கொஞ்சம் வெளுப்பாக இருந்ததால் மெக்சிகோ பெண் என்று சொன்னால் கொஞ்சம் நிம்மதியாகப் படிக்கலாம் என்ற கணக்கு. பிரிட்ஜ்டவருக்குப் பெயரை மற்றவர் எடுத்தார். இந்தப் பெண் ஊரைத் தானே மறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1906இல் பட்டம் பெற்றுத் தெற்கே திரும்பினார். அங்கே மாநில இசை ஆசிரியர் சங்கம் நிறத்தைக் காரணம் காட்டி அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1927இல் லிட்டில் ராக்கில் ஒரு கறுப்பினத்தவரை வெள்ளைக் கும்பல் கொன்று, நடுவீதியில் எரித்தது. அந்த வருடம் பிரைஸ் குடும்பம் சிகாகோவுக்குக் கிளம்பியது.

சிகாகோவில் அவர் பிழைத்த விதம் எனக்குக் கோடம்பாக்கத்தை ஞாபகப்படுத்துகிறது. ஊமைப் படத்துக்கு ஆர்கன் வாசித்தார், வானொலி விளம்பரத்துக்குப் பாட்டு எழுதினார். திருமணம் முறிந்து இரண்டு பெண்களோடு தனியாக நின்றபோது தோழிகள் வீட்டில் தங்கி இசை எழுதினார். 1932இல் கறுப்பின இசையமைப்பாளர்களுக்கான வானமேக்கர் போட்டியில் அவருடைய முதல் சிம்ஃபனி முதல் பரிசு வாங்கியது, 500 டாலர். 1933 ஜூன் 15 அன்று ஆடிட்டோரியம் தியேட்டரில் ஃப்ரெடரிக் ஸ்டாக் நடத்த, சிகாகோ சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா அதை வாசித்தது. ஒரு கறுப்பினப் பெண் எழுதிய சிம்ஃபனியை அமெரிக்காவின் பெரிய ஆர்கெஸ்ட்ரா ஒன்று வாசித்தது அதுதான் முதல் முறை.

இது தானாக நடந்துவிடவில்லை. மாட் ராபர்ட்ஸ் ஜார்ஜ் என்ற கறுப்பின இசை விமர்சகர் அந்த நிகழ்ச்சிக்குத் தன் கையிலிருந்து பணம் கொடுத்தார். இன்னொன்றும் உண்டு, படித்தபோது இரண்டு தடவை சரிபார்த்தேன். அன்றைய கச்சேரியின் முதல் உருப்படி ஜான் பவல் என்ற வர்ஜீனியா இசையமைப்பாளருடையது. வெள்ளையரும் மற்றவரும் மணம் செய்வதைத் தடுத்த 1924ஆம் ஆண்டு வர்ஜீனியா இனத் தூய்மைச் சட்டத்துக்காக முன்னால் நின்று உழைத்தவர் அவர். பிரைஸின் சிம்ஃபனி அவருக்குப் பின்னால் வரிசையில் நின்று மேடையேறியது.

ரிகர்சல் கதைக்கு வருகிறேன். இரண்டாம் பகுதி பித்தளை வாத்தியங்களின் கீதத்தோடு தொடங்கும். டிரம்பெட், ஹார்ன், டிராம்போன் எல்லாம் மெதுவாக ஒரு ஞானப்பாட்டைப் பாடுவதுபோல் இருக்கும். எங்களுக்கு அங்கே ஓய்வு, சும்மா உட்கார்ந்து கேட்கலாம். நான் கண்ணை மூடினால் நாசரேத்து கோயிலில் நாலு குரலில் பாடும் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும். மாஸ்டரோடு ஒரு கிறிஸ்துமஸுக்கு அங்கே போயிருக்கிறேன். மூன்றாம் பகுதிக்கு ஜூபா என்று பெயர். அடிமைகளாக இருந்தவர்கள் தொடையிலும் மார்பிலும் கையால் தட்டியே தாளம் போட்டு ஆடிய ஆட்டம். தென்கரோலினாவில் 1739 கலகத்துக்குப் பிறகு அவர்கள் முரசு வைத்திருக்கவே சட்டம் தடைபோட்டது. முரசைப் பிடுங்கினால் உடம்பே முரசு. பிரைஸ் அந்தத் தாளத்தை முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதி, ஆப்பிரிக்க முரசையும் உள்ளே கொண்டுவந்து, சறுக்கி ஊதும் ஒரு விசிலையும் சேர்த்திருக்கிறார். எங்கள் முதல் வயலின்காரர்கள், பிராம்ஸைத் தண்ணீராகக் குடித்தவர்கள், அந்த இடம்மாறிய அடிகளில் மூன்று வாரம் வழுக்கி விழுந்தார்கள். கடைசியில் எங்கள் கண்டக்டர் வாத்தியத்தைக் கீழே வைக்கச் சொல்லி, எல்லாரையும் கையால் தட்டவைத்தார். பதினைந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது.

1933இன் கைதட்டலுக்குப் பிறகு கதவுகள் திறந்திருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். அடுத்த நாள் சிகாகோ டெய்லி நியூஸ் குறையே இல்லாத படைப்பு என்று எழுதியது. பத்து வருடம் கழித்து, 1943இல், பாஸ்டன் சிம்ஃபனியை நடத்திய கூஸவிட்ஸ்கிக்கு பிரைஸ் ஒரு கடிதம் எழுதினார். தொடக்கத்திலேயே தனக்கு இரண்டு குறைகள் என்கிறார்: ஒன்று பெண், இன்னொன்று தன் நரம்பில் கொஞ்சம் நீக்ரோ இரத்தம் ஓடுவது. குறை என்று அவரே எழுதினாலும் குரலில் கெஞ்சல் இல்லை, ஒருவித வறட்டுச் சிரிப்புத்தான். தன் இசையைப் பார்த்துவிட்டுத் தகுதியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள் என்று கேட்டார். கூஸவிட்ஸ்கி அவருடைய ஒரு படைப்பையும் நடத்தவில்லை. 1953 ஜூனில் பிரைஸ் இறந்துபோனார்.

2009இல், சிகாகோவுக்குத் தெற்கே செயின்ட் ஆன் என்ற சிற்றூரில் ஒரு தம்பதி பாழடைந்த வீடொன்றைச் சீர்செய்ய வாங்கினார்கள். மரம் விழுந்து கூரை பிளந்திருந்தது. உள்ளே சாமான்களைச் சூறையாடியிருந்தார்கள். நனையாத ஒரு மூலையில் கட்டுக்கட்டாகத் தாள்கள். எல்லாவற்றிலும் ஒரே பெயர். பிரைஸ் கோடையில் வந்து தங்கிய வீடு அது. இரண்டு வயலின் கன்செர்ட்டோக்கள், நான்காம் சிம்ஃபனி, இன்னும் எத்தனையோ. வாங்கியவர்கள் அதைக் குப்பையில் போடாமல், யார் இந்தப் பெண் என்று தேடி, ஆர்கன்ஸா பல்கலைக்கழகத்துக்குத் தகவல் கொடுத்தார்கள். 2018இல் ஷிர்மர் பதிப்பகம் அவர் படைப்புகளின் உரிமையை வாங்கியது. பிலடெல்பியா ஆர்கெஸ்ட்ரா ஒன்றாம், மூன்றாம் சிம்ஃபனிகளைப் பதிவு செய்து 2022இல் கிராமி வாங்கியது. எங்கள் மேசைக்கு வந்த தாளும் இந்த அலையில் வந்ததுதான்.

கச்சேரிக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு செயின்ட் ஆன் போனேன். என் மனைவி, "வீட்டைப் பார்க்கவா?" என்று கேட்டாள். வீட்டைத் தேடக்கூடாது என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன், அது யாரோ ஒருவருடைய சொந்த இடம். ஊரை மட்டும் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய வரை சமதரை, அறுவடை முடிந்த சோள வயல், ஒரு பெரிய தேவாலயம், அரைமணி நேரத்துக்கு ஒரு லாரி. அறுபது, எழுபது மைல் தூரம். ஒரு கூரை இன்னும் கொஞ்சம் பிளந்திருந்தால், அல்லது ஒரு மழை இன்னும் கொஞ்சம் சாய்ந்து பெய்திருந்தால் என்று யோசித்துக்கொண்டே ஒரு பெட்ரோல் பங்கில் காபி குடித்தேன். காபி மோசம்.

பிரைஸ் உயிரோடிருந்த காலத்தில் அவர் இசையைத் தொடர்ந்து மேடைக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சன். வாஷிங்டனின் கான்ஸ்டிடியூஷன் ஹாலை அதன் சொந்தக்காரர்களான மகளிர் அமைப்பு அவருக்குத் தர மறுத்ததும், எலனோர் ரூஸ்வெல்ட் அந்த அமைப்பிலிருந்து விலகியதும், லிங்கன் நினைவிடத்துப் படிகளில் 75,000 பேருக்கு முன்னால் ஆண்டர்சன் பாடியதும் பலருக்குத் தெரிந்த கதை. எனக்குப் பிடித்த விஷயம் சின்னது. அன்று அவர் கடைசியாகப் பாடிய சமயப் பாடல்களில் ஒன்று பிரைஸ் இசை அமைத்துக் கொடுத்தது. தேதி 1939 ஏப்ரல் 9, பிரைஸின் பிறந்தநாள். ஆண்டர்சன் மெட்ரோபாலிட்டன் ஆபெராவில் பாட இன்னும் பதினாறு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1955இல் அந்த மேடையில் முதல் கறுப்பினத் தனிக்குரலாக நின்றபோது அவருக்கு ஐம்பத்தேழு வயது. ஒரு பாடகிக்கு அது மேடையை விட்டு இறங்கும் வயது.

பாடகர்களுக்காவது முகம் உண்டு. ஆர்கெஸ்ட்ரா வயலின்காரருக்கு முகம் கிடையாது, பதினாறு வில்லில் ஒரு வில். அங்கேதான் கதவு இன்னும் இறுக்கமாக இருந்தது. நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கில் நிரந்தர இடம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் வயலின்காரர் சான்ஃபோர்ட் ஆலன். வருடம் 1962. அந்த ஆர்கெஸ்ட்ரா தொடங்கியது 1842இல். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். 1969இல் செல்லோ வாசித்த ஏர்ல் மேடிசனும் டபுள் பேஸ் வாசித்த ஆர்ட் டேவிஸும் நகர மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுத்தார்கள். அவர்கள் கேட்டது திரை: திரைக்குப் பின்னால் வாசிக்கிறோம், யார் என்று பார்க்காமல் காதால் மட்டும் தீர்மானியுங்கள். நிரந்தர இடங்களில் பாகுபாடு இருந்ததாகச் சொல்ல முடியாது, ஆனால் தற்காலிக ஆட்களை எடுப்பதில் இருந்தது என்று ஆணையம் 1970இல் சொன்னது. இருவருக்கும் வேலை கிடைக்கவில்லை. ஆலன் 1977இல் விலகிவிட்டார்.

திரை அப்புறம் எல்லா இடத்துக்கும் வந்தது. பெண்களுக்கு அதனால் பெரிய நன்மை. கறுப்பினத்தவருக்கு அவ்வளவு இல்லை. 2014ஆம் ஆண்டுக் கணக்குப்படி அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்களில் அவர்கள் 1.8 சதவீதம். அதே 2014இல்தான் சிகாகோவின் தெற்குப் பகுதியில் வளர்ந்த அந்தோணி மக்கில் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கின் தலைமைக் கிளாரினெட் கலைஞரானார். அந்த ஆர்கெஸ்ட்ராவில் தலைமை இடத்துக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். இப்போது சிலர் திரையையே எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. திரை செய்யக்கூடியது கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சத்தை அது ஒழுங்காகச் செய்கிறது. திரைவரை வந்து சேர்வதற்குள் நடக்கிற வடிகட்டல்தான் பெரிது. ஒரு நல்ல செல்லோ கார் விலை. வாரம் ஒரு வகுப்பு, கோடையில் முகாம், ஆடிஷனுக்கு ஊர் ஊராகச் சொந்தச் செலவில் விமானம். டபுள் பேஸுக்கு விமானத்தில் தனிக் கட்டணமே உண்டு. இதற்கெல்லாம் தாக்குப்பிடித்தவர்தான் திரைக்குப் பின்னால் நிற்கிறார்.

இங்கே என் கதையையும் சொல்லிவிடுகிறேன், பெரிய கதை இல்லை. ஆசிய முகங்கள் ஆர்கெஸ்ட்ராக்களில் நிறைய உண்டு, நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கையே ஜூபின் மேத்தா 1978 முதல் 1991 வரை நடத்தினார். பிரைஸ் பட்டதை நான் பட்டதாகச் சொன்னால் பொய். ஆனால் எங்கள் பிரைஸ் கச்சேரியன்று, மேடை ஏறுவதற்கு இருபது நிமிடம் முன்னால், கறுப்புச் சட்டை கறுப்புக் கால்சட்டையோடு கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். நன்றாக உடுத்திய ஒரு பெரியம்மா உள்ளே வந்தார், கோட்டைக் கழற்றினார், என் கையில் கொடுத்துவிட்டு, "நன்றி கண்ணா" என்கிற தோரணையில் ஒரு புன்னகையோடு போய்விட்டார். பக்கத்தில் என்னைப் போலவே கறுப்பு உடுத்தி இரண்டு வெள்ளைக்கார வயோலாக்காரர்களும் நின்றார்கள். கோட்டை மாட்டிவிட்டு வந்தேன். வேறென்ன செய்வது, நல்ல கம்பளிக் கோட்டு, தரையில் போடவா முடியும்? அவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஜூபா முடிந்ததும், பகுதிகளுக்கு நடுவில் கைதட்டக்கூடாது என்ற விதியை மறந்து முதலில் கைதட்டியவரும் அவர்தான். அதனால் அவர்மேல் கோபத்தைப் பிடித்துவைக்கவும் முடியவில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. சென்னையில் காலை பத்து மணி. மாஸ்டருக்கு வீடியோ கால் போட்டேன். எண்பத்தொரு வயது, இடது காது போய்விட்டது, போனை வலது காதோடு ஒட்டிவைத்துக்கொள்வதால் எனக்குத் தெரிவது அவர் காது மட்டும்தான். பிரிட்ஜ்டவர் கதையை முழுக்கச் சொன்னேன். விடியற்காலை நாலரை மணி, ரீஸ், கோழிக்கிறுக்கல் தாள், கட்டிப்பிடித்தது, பெயர் மாறியது. நடுவில் ஒன்றும் பேசாமல் கேட்டார். முடித்ததும், "கையெழுத்துத் தாளைப் பார்த்தா வாசிச்சான்?" என்றார். "ஆமா மாஸ்டர்." "ரிகர்சல் இல்லாம?" "இல்லாம." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "எங்களுக்கும் அப்படித்தாம்லே. மை காயாத தாளைக் கையில குடுத்துட்டு டேக் போயிருவாங்க. சரி, அவன் பேரு என்ன சொன்ன?"

சொன்னேன். பேனா தேடும் சத்தம் கேட்டது. எழுத்துக்கூட்டச் சொல்லி எழுதிக்கொண்டார்.

பிறகு, "உங்கிட்ட வயலின் இருக்கா பக்கத்துல? அந்த முதல் நாலு பாரை வாசி பாப்போம்" என்றார். மணி பதினொன்றரை, மனைவி தூங்குகிறாள், மாஸ்டர் என்றேன். "மியூட் போட்டு வாசி."

ரப்பர் மியூட்டை மாட்டிக்கொண்டு, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாசித்தேன். நான்காவது பாரின் முடிவில் பியானோ வர வேண்டிய இடத்தில் நிறுத்தினேன். திரையில் அந்தக் காது அசையவில்லை.

"மூணாவது கார்டுல சுருதி விலகுதுலே," என்றார். "திரும்ப வாசி."